வன்னியில் ஒரு குளமும் இல்லையாம்

கிளிநொச்சியில் பயிர்ச்சேத விண்ணப்பங்களைப் பதியும் மென்பொருள் ஒன்றைப் பராமரிக்கிறேன். குளம் என்று முடியும் ஊர்களை மட்டும் எடுக்க, லைக் '%குளம்' (முன்னால் எதுவும் இருக்கலாம், முடிவு குளம்) என்று தேடினால் வெறுமை. "அண்ணை, வன்னியில ஒரு குளமும் இல்லையாம்" என்று பக்கத்து மேசைத் தம்பி சிரித்தான். ஆனால் = 'மாங்குளம்' என்று கேட்டால் ஒழுங்காக வருகிறது!

தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ், ஊர்ப்பெயர் நிரல் சார்(20), அதாவது 20 குறியீடு வரும்வரை பின்னால் வெற்றிடம் நிரப்பி வைக்கும் வகை. மாங்குளத்துக்கு, குறியீடுகளை எண்ணும் லெங்த் 9 என்றது, பைட்டுகளை எண்ணும் ஆக்டெட்_லெங்த் 38 என்றது. கண்ணுக்கு ஐந்தெழுத்துத்தான், யூனிகோடில் 9 குறியீடுகள், யூடிஎஃப்-8இல் ஒன்றுக்கு 3 பைட் வீதம் 27. மிச்சம் 11? நிரப்பு வெற்றிடங்கள். சமக்குறி ஒப்பீடும் லெங்த்தும் கடைசி வெற்றிடங்களைக் கணக்கில் எடுப்பதில்லை. லைக் எடுக்கும். '%குளம்' என்றால் 'ம்'முக்குப் பிறகு ஒன்றுமே இருக்கக்கூடாது.

அவசரத்துக்கு, கடைசி வெற்றிடங்களை வெட்டும் ஆர்ட்ரிம் போட்டுப் பட்டியலை அனுப்பினேன். '%குளம்%' என்று போட்டாலும் வரும்தான், ஆனால் நடுவில் குளம் உள்ளதெல்லாம் சேர்ந்து வரும். பிறகு அட்டவணை அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிளில், நிரலை வெற்றிடம் நிரப்பாத டெக்ஸ்ட் வகையாக மாற்றினேன். அந்த மாற்றத்திலேயே நிரப்பு வெற்றிடங்கள் கழன்றுவிடும். போஸ்ட்கிரெஸில் சார் வேகமும் தராது, இடமும் மிச்சம் பிடிக்காது, பிறகேன் வைக்கிறார்களோ!

எக்செல்லில் இருந்து வந்த இன்னொரு அட்டவணையில், பெயருக்குப் பின்னால் யாரோ தட்டிய உண்மையான வெற்றிடங்கள் இருந்தன. டெக்ஸ்ட் அவற்றைத் தானாக நீக்காது. அங்கே ஆர்ட்ரிம் போட்டு அப்டேட் செய்யவேண்டி வந்தது.