"எந்த கம்பெனிக்கு சர்வீஸ் நல்லா இருக்கும்?": லேப்டாப் வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி சேர்க்கை முடிந்ததும் சொந்தக்காரர்களிடமிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி இந்தக் கேள்விக்காகத்தான். முதல் தவறு இந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. ஒரு கம்பெனி விற்கும் எல்லா லேப்டாப்புக்கும் ஒரே சர்வீஸ் கிடைப்பதில்லை. லெனோவாவில் ஐடியாபேடும் திங்க்பேடும், ஆசுஸில் விவோபுக்கும் எக்ஸ்பர்ட்புக்கும் வேறு வேறு வாடிக்கையாளர்களை மனதில் வைத்து விற்பவை. முதலாவது வீட்டுக்கு, இரண்டாவது அலுவலகத்துக்கு. "என் ஆபீஸ் லேப்டாப் கெட்டுப்போச்சு, மறுநாளே ஆள் வந்து சரி பண்ணினார், அதே கம்பெனியில வாங்குங்க" என்று நண்பர் சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் அந்த ஆள் வருவதற்கு அவருடைய ஆபீஸ் தனியாகப் பணம் கட்டியிருக்கும். கடையில் அதே பெயரில் நாம் வாங்கும் மலிவு மாடலுக்கும் அவர் வருவார் என்று சொல்லமுடியாது.

ஆகவே கம்பெனியைக் கேட்பதற்கு முன்னால் வாரண்டியின் வகையைக் கேளுங்கள். ஆன்சைட் என்றால் வீட்டுக்கு வருவார்கள், கேரி-இன் என்றால் நாம்தான் தூக்கிக்கொண்டு போகவேண்டும். கடைக்காரர் "மூணு வருஷம் வாரண்டி சார்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். வருடக் கணக்கை மட்டும் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்தால், எது என்பது கெட்டுப்போன பிறகுதான் தெரியவரும். ஆன்சைட் என்றாலும் உங்கள் பின்கோடுக்கு அது உண்டா என்று பாருங்கள். பேட்டரிக்குப் பல மாடல்களில் ஒரு வருடம்தான், லேப்டாப்புக்கு மூன்று வருடம் எழுதியிருந்தாலும்.

அக்கா மகள் பட்டுக்கோட்டையில் இருக்கிறாள். கேரி-இன் வாரண்டி. இரண்டாம் வருடத்தில் திரையைத் திறக்கும்போது இடதுபக்க ஹிஞ்சில், அதாவது திரையை அடிப்பாகத்தோடு இணைக்கும் கீலில், லேசாக "கிறீச்" என்று சத்தம் வந்தது. தேர்வு நேரம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். ஒரு மாதத்தில் ஹிஞ்சைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் பிளந்து, திரை ஓரத்தில் விரிசலும் விழுந்துவிட்டது. பஸ் மாறி திருச்சிக்குக் கொண்டுபோனோம். சர்வீஸ் சென்டரில் பார்த்த உடனே "பிசிகல் டேமேஜ், வாரண்டியில வராது" என்றார்கள். "கீழே போடவே இல்ல மாமா" என்று அவள் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. போடவில்லை என்பதை எப்படி நிரூபிப்பது?

அதற்குப் பிறகு எல்லோரிடமும் நான் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான். ஹிஞ்சில் சத்தமோ, திரையின் சட்டத்தில் இடைவெளியோ தெரிந்த அன்றே போட்டோ, வீடியோ எடுத்து, கம்பெனியில் புகார் பதிந்து எண் வாங்கிவிடுங்கள். உடைவதற்கு முன் தேதியிட்ட ஒரு புகார் கையில் இருந்தால் பேச்சே வேறு. ஹாஸ்டலுக்குப் போகும் பிள்ளைக்கு வாங்குவதானால் விபத்துச் சேதத்துக்கான கூடுதல் பாதுகாப்பையும் சேர்த்து வாங்குவது நல்லது. தண்ணீர் கொட்டினாலும் கைதவறி விழுந்தாலும் சாதாரண வாரண்டியில் ஒன்றும் கிடைக்காது.

கூடுதல் வாரண்டி என்று கடையில் விற்பதிலும் இரண்டு ரகம் உண்டு. ஒன்று லேப்டாப் கம்பெனியே தருவது, மற்றொன்று வேறொரு நிறுவனத்தின் திட்டம். பணம் கட்டுமுன் "கம்பெனி வெப்சைட்டில் சீரியல் நம்பரைப் போட்டால் இது தெரியுமா?" என்று கேளுங்கள். வாங்கிய முதல் வாரத்திலேயே அங்கே போய்ப் பாருங்கள். சில சமயம் கடைக்கு அனுப்பிய தேதியிலிருந்தே வாரண்டி ஓட ஆரம்பித்திருக்கும். பில்லைக் காட்டித் திருத்தச் சொல்லலாம். பில்லில் சீரியல் நம்பர் இருக்கவேண்டும்.

வாரண்டி முடிந்த பிறகும் லேப்டாப் நான்கைந்து வருடம் ஓடவேண்டுமே. இதைப் பெரும்பாலோர் யோசிப்பதே இல்லை. லெனோவா, டெல், எச்பி மூன்றும் தங்கள் மாடல்களுக்கான பழுதுபார்ப்புக் கையேட்டை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. வாங்க நினைக்கும் மாடலின் கையேட்டைத் திறந்து, ரேம் (தற்காலிக நினைவகம்) கழற்றி மாட்டக்கூடியதா, மதர்போர்டு எனும் முக்கிய போர்டிலேயே பற்றவைத்ததா என்று மட்டுமாவது பாருங்கள். பற்றவைத்த ரேம் கெட்டால் பெரும்பாலும் போர்டையே மாற்றச் சொல்வார்கள்.

போர்டு மாற்றினால் இன்னொரு சிக்கல் உண்டு. விண்டோஸில் டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், போர்டு மாறியதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது இல்லாவிட்டால் படங்களும் புராஜெக்டும் உள்ளேயே பூட்டிக் கிடக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று சர்வீஸுக்குக் கொடுக்குமுன் பார்த்துக் குறித்துவைத்து, கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கஸ்டமர் கேர் எண்ணை கூகுளில் தேடி முதலில் வருவதற்கு போன் போடாதீர்கள். போலி எண்கள் நிறைய. ஏதாவது ஆப் இறக்கச் சொல்லி, திரையைப் பார்த்து, வங்கிக் கணக்கைக் காலி செய்கிறார்கள். கம்பெனியின் வெப்சைட்டில் உள்ள எண்ணை மட்டும் நம்புங்கள். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்குப் பேசுங்கள்.

கம்பெனி கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். அதிலும் தீரவில்லையென்றால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனியின் தலைமை அலுவலகம் பெங்களூரில் இருந்தாலும் நாம் அங்கே அலைய வேண்டியதில்லை. பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது.

அக்கா மகளுக்காக நாங்களும் 1915-க்குப் பேசினோம். கம்பெனியிலிருந்து பதில் வந்தது. திருச்சியில் லேப்டாப்பைக் கொடுத்தபோது எழுதிய ஜாப் ஷீட்டின் (பழுது விவரச் சீட்டின்) நகலை அதோடு இணைத்திருந்தார்கள். "வாடிக்கையாளரால் ஏற்பட்ட சேதம்" என்ற வரிக்குக் கீழே அவள் கையெழுத்து. படிக்காமல் போட்டிருக்கிறாள், பக்கத்தில் நின்ற நானும் படிக்கவில்லை. கடைசியில் கூலியை மட்டும் தள்ளுபடி செய்தார்கள், பாகங்களுக்கு அக்காதான் பணம் கட்டினாள்.