தேய்ந்த கைரேகையை பிம்ஸ்டெக் மேசைவரை கொண்டுபோவது எப்படி

கொழுந்து பறித்தே தேய்ந்துபோன என் அம்மாவின் பெருவிரலைக் கைரேகைக் கருவி நாலு தடவை ஏற்கவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து வைத்தார், அப்புறம் வரிசையில் பின்னால் நின்றவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

கைரேகையையும் பதியும் இலங்கையின் டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டம் இந்திய நன்கொடையோடு நடக்கிறது. வங்காள விரிகுடாப் பகுதியின் ஏழு நாடுகள் சேர்ந்த கூட்டமைப்புத்தான் பிம்ஸ்டெக். 2025 ஏப்ரலில் பாங்கொக்கில் நடந்த அதன் உச்சிமாநாட்டில், டிஜிட்டல் பொதுக் கட்டமைப்பில் (டிஜிட்டல் அடையாளம், பணப்பரிமாற்றம் போன்ற பொது வசதிகளில்) உறுப்பு நாடுகளுக்கு என்ன தேவை என்று ஒரு முன்னோடி ஆய்வு செய்யலாம் என இந்தியா முன்மொழிந்தது. சரி, தேவையைக் கேட்கிறார்கள் என்றால் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் இருக்கிறவர்களின் தேவையும் அங்கே போகவேண்டும்.

முதலில் எங்கே எழுதுவது என்று பாருங்கள். தெற்காசிய நாடுகளின் அமைப்பான சார்க்கின் உச்சிமாநாடு 2014க்குப் பிறகு கூடவே இல்லை, அதை விடுங்கள். பிம்ஸ்டெக்கின் ஏழு நாடுகளும் ஆளுக்கொரு துறைக்குத் தலைமை தாங்குகின்றன: விவசாயம் மியன்மாரிடம், விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் நம்மிடம். ஆகவே இதைத் தேயிலைப் பிரச்சினை என்று எழுதாமல் தொழில்நுட்பப் பிரச்சினை என்றே எழுதுங்கள். செயலகம் டாக்காவில் இருந்தாலும் கடிதம் போகவேண்டியது கொழும்புக்குத்தான், வெளிநாட்டு அமைச்சுக்கும் தொழில்நுட்பத்துக்குப் பொறுப்பான அமைச்சுக்கும், ஒரு பிரதி உங்கள் மாவட்ட எம்.பி.க்கும். தமிழிலேயே எழுதுங்கள், அதுவும் அரசகரும மொழிதான்.

ஒரு பக்கம் போதும். நடந்ததை நடந்தபடி எழுதி, இரண்டே இரண்டு கோரிக்கை வையுங்கள்: கைரேகை பதியாதவருக்கு மாற்று வழி கட்டாயம் இருக்கவேண்டும், கருவியை வாங்குமுன் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களின் விரல்களில் சோதித்துப் பார்க்கவேண்டும். பத்துக் கோரிக்கை வைத்தால் ஒன்றும் நிற்காது.

உச்சிமாநாடு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். தலைவர்கள் கூடுமுன்பே சிரேஷ்ட அதிகாரிகளும் அமைச்சர்களும் கூடி உச்சிமாநாட்டு அறிக்கையின் வாசகத்தைப் பெரும்பாலும் முடித்துவிடுவார்கள். அங்கே எல்லா முடிவும் ஒருமித்த சம்மதத்தோடுதான், அதனால் சின்ன நாடான நம்முடைய சொல்லுக்கும் முழு எடை உண்டு.

பதில் இல்லையா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். இரகசியப் பேச்சுவார்த்தை நிலைப்பாட்டைக் கேட்டால், வெளிநாட்டு உறவு பாதிக்கும் என்று மறுக்க அதே சட்டத்தில் இடமிருக்கிறது. ஆகவே கூட்டத்துக்கு யார் போனார்கள், உங்கள் கடிதம் எந்தக் கோப்பில் இருக்கிறது, அதன்மேல் என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் அதே அமைச்சில் மேன்முறையீடுகளைக் கேட்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அங்கும் சரிவராவிட்டால் தகவலறியும் உரிமை ஆணைக்குழு. பதிவுத் தபால் துண்டைத் தொலைத்துவிடாதீர்கள்.