குளியலறைக்கு விளக்கு: வாங்கும் முன்பும் மாட்டும் முன்பும் பார்க்க வேண்டியவை

சென்ற ஐப்பசி மழையில் ஒரு நாள் இரவு, மன்னார்குடிக்கு அருகில் உள்ள எங்கள் வீட்டின் கொல்லைப்புறக் குளியலறையில், சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு மின்மினி போல மினுக்கிக்கொண்டிருந்ததை அம்மாதான் முதலில் கவனித்தார். "தம்பி, அணைச்ச லைட்டு எரியுது பாரு" என்று அவர் சொன்னபோது, மலிவான பல்பு அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் வேறு பல்பு மாட்டினேன், அதுவும் மினுக்கியது. அரை மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை இரண்டு வாரம் இழுத்தது. அதில் தெரிந்துகொண்டதை, முதன்முறையாகக் குளியலறை விளக்கை மாற்றப்போகிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். வயரில் கை வைக்கும் வேலையை உரிமம் பெற்ற வயர்மேனிடம் விட்டுவிடுங்கள்; அவரிடம் எதைப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

1. தண்ணீர் எதுவரை தெறிக்கிறது?

கடைக்குப் போவதற்கு முன் குளியலறைச் சுவரைப் பாருங்கள். உப்புக் கறை எந்த உயரம் வரை படிந்திருக்கிறதோ, அதுவரை தண்ணீர் தினமும் போகிறது என்று பொருள். பன்னாட்டு மின் விதிகள் தொட்டி இல்லாத ஷவருக்கு, நீர் வெளிவரும் இடத்திலிருந்து பக்கவாட்டில் 1.2 மீட்டர், தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரம் வரையிலான இடத்தைத் தண்ணீர் நேரடியாகப் படும் பகுதியாகக் கருதுகின்றன. 1.2 மீட்டர் என்பது ஏறத்தாழ 4 அடி. நம் குளியலறைகளில் பல 5 அடிக்கு 7 அடி அளவுதான் என்பதால், ஈரப் பகுதி, உலர்ந்த பகுதி என்று பிரிப்பதற்கே இடமில்லை. வாளியில் மொண்டு தலைக்கு ஊற்றிக்கொள்கிறவர்கள் வீட்டில் தண்ணீர் நான்கு பக்கமும் சிதறும். ஆகவே அறை முழுவதையும் ஈரப் பகுதியாகவே வைத்துக்கொண்டு விளக்கைத் தேர்ந்தெடுப்பது நல்லது. சுவிட்ச் கதவுக்கு வெளியே இருக்க வேண்டும். இதைத் தனியாக விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

2. அட்டைப்பெட்டியில் உள்ள ஐ.பி. எண்

விளக்கின் பெட்டியில் ஐ.பி. என்ற எழுத்துகளுக்குப் பின் இரண்டு இலக்கங்கள் இருக்கும். முதல் இலக்கம் தூசி, பூச்சி முதலிய திடப்பொருள்கள் உள்ளே போகாமல் எவ்வளவு காக்கிறது என்பதையும், இரண்டாவது தண்ணீரிலிருந்து எவ்வளவு காக்கிறது என்பதையும் சொல்கின்றன. ஐ.பி. 44 என்றால் 1 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பொருள் உள்ளே போகாது, எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும். ஐ.பி. 65 என்றால் தூசியே புகாது, குழாயால் பீய்ச்சினாலும் தாங்கும். தண்ணீருக்காக மட்டும் என்றால், கூரை உயரத்தில் 44 போதும் என்று பலர் சொல்வார்கள். நான் 65 வாங்கச் சொல்வது பூச்சிக்காக. எங்கள் குளியலறை ஜன்னலைத் திறந்தால் சம்பா வயல். கதிர் வரும் பருவத்தில் பச்சைத் தத்துப்பூச்சியும் அதைவிடச் சிறியவையும் விளக்கைத் தேடி வந்து, பழைய கிண்ண விளக்கின் அடியில் விரற்கடை உயரத்துக்குச் செத்துக் கிடக்கும். ஐ.பி. 65 எண்ணுள்ள பல்க்ஹெட் விளக்கை (முழுவதும் மூடிய கூடுள்ள விளக்கு) மாட்டிய பிறகு கிண்ணத்தைக் கழற்றிக் கொட்டும் வேலை இல்லை.

உலோக உடலைவிட பாலிகார்பனேட் என்ற கெட்டியான பிளாஸ்டிக் உடலையே நான் விரும்புகிறேன். உலோக விளக்கு என்றால் எர்த் வயர் கட்டாயம். பழைய குளியலறைகளில் விளக்குப் புள்ளி வரை எர்த் வந்திருக்கும் என்று நம்ப முடியாது. சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி விளக்கின் மேல் இருந்தால், அது இரட்டைக் காப்பு உடையது, எர்த் இல்லாமலே மாட்டலாம்.

3. வெளிச்சமும் நிறமும்

வாட்டைப் பார்க்காதீர்கள், வெளிச்சத்தின் அளவைச் சொல்லும் லூமனைப் பாருங்கள். 5 அடிக்கு 7 அடி அறைக்கு 800 முதல் 900 லூமன் போதும். நிறத்தில் 6500 கெல்வின் விளக்கை விற்பனையாளர்கள் முதலில் எடுத்து நீட்டுவார்கள்; அந்த நீலம் கலந்த வெள்ளைக்குப் பூச்சி அதிகம் வரும், ஈரமான டைல்ஸில் பட்டுக் கண்ணும் கூசும். நீலம் குறைந்த 4000 கெல்வின் என் தேர்வு. மூடி பால் நிறத்தில் இருந்தால், வெளிச்சம் பரவலாக விழும், வயதானவர்களின் கண்ணுக்குக் கூச்சம் குறையும்.

4. சுவிட்ச் எந்த வயரை வெட்டுகிறது?

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். சுவிட்ச் எப்போதும், மின்சாரத்தைக் கொண்டுவரும் ஃபேஸ் வயரைத்தான் துண்டிக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது, மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் வயரைத் துண்டித்துக்கொண்டிருந்தது. நியூட்ரலைத் துண்டித்தாலும் பல்பு அணைந்துவிடும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் ஹோல்டரில் 230 வோல்ட் அப்படியே நின்றுகொண்டிருக்கும். சாதாரணக் குண்டு பல்பு இருந்த காலத்தில் இது வெளியே தெரிய வழியே இல்லை. எல்.இ.டி.க்கு மிகச் சிறிய மின்னோட்டம் போதும் என்பதால், சுவரின் ஈரத்தின் வழியாகவும் வயர்களுக்கு இடையிலும் கசியும் துளி மின்சாரமே அதை மினுக்கச் செய்துவிடுகிறது.

வயர்மேன் வந்து மரஸ்டூலில் ஏறி, சுவிட்சை அணைத்து, பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டருக்குள் டெஸ்டரை வைத்தார். பச்சைக் களிம்பு பூத்திருந்த இரண்டு பித்தளை முள்களில் ஒன்றில் டெஸ்டர் எரிந்தது. அதே ஹோல்டரில், குளித்த ஈரக் கையோடு, சுவிட்சை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் நான் எத்தனை முறை பல்பு மாற்றியிருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். எப்போதோ லைனை மாற்றிக் கட்டியபோது, வயர்களை இணைக்கும் ஜங்ஷன் பெட்டிக்குள் ஒரே நிறத்தில் இருந்த இரண்டு வயர்களை யாரோ மாற்றி முறுக்கியிருக்கிறார்கள். சரிசெய்யப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அணைத்த பின் மினுக்கும் எல்லா விளக்கும் இந்தக் கோளாறுதான் என்று பயப்பட வேண்டாம். சுவிட்சிலேயே சிறிய சிவப்பு இண்டிகேட்டர் இருந்தாலும் எல்.இ.டி. மினுக்கும். ஆனாலும் சோதித்துவிடுவது நல்லது. சோதிக்க எனக்குப் பிடித்த கருவி மல்டிமீட்டர்தான். நியான் டெஸ்டர் நாம் நிற்கும் இடத்தைப் பொறுத்து மங்கலாகும்; பீப் ஒலி எழுப்பும் டெஸ்டரோ பக்கத்து வயரில் மின்சாரம் இருந்தாலே கத்தும்.

5. ஆர்.சி.சி.பி. இருக்கிறதா?

அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் தானே அணையும் எம்.சி.பி. இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றுவது, மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. ஃபேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்பதை அது பார்த்துக்கொண்டே இருக்கும்; அந்த 30 மில்லியாம்பியர் அளவுக்கு வித்தியாசம் வந்தால், யார் உடம்பின் வழியாகவோ கசிகிறது என்று எடுத்துக்கொண்டு உடனே துண்டித்துவிடும்.

நாங்கள் அதைப் பொருத்தியதும் அடுத்த தலைவலி ஆரம்பமானது. குளியலறையில் 10 வாட் விளக்கைப் போட்டால் ஆர்.சி.சி.பி. விழுந்து, இன்வெர்ட்டர் லைனைத் தவிர வீடு இருண்டது. அதே இடத்தில் பழைய அரை வாட் இரவு விளக்கைப் போட்டால் ஒன்றும் ஆகவில்லை. விளக்குத்தான் கோளாறு என்று அதைக் கடையில் கொடுத்து வேறு வாங்கி வந்தேன், அதே கதை. காரணம் இன்வெர்ட்டரில் இருந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்த பிறகு எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் வைத்தோம். அதற்கான இணைப்பு, இப்போது ஆர்.சி.சி.பி. வைத்த இடத்துக்கு முன்பிருந்தே பிரிந்து போயிருந்தது. குளியலறை விளக்கின் ஃபேஸ் ஆர்.சி.சி.பி. வழியாக வந்தது, நியூட்ரலோ, கைக்கு எட்டியது என்று இன்வெர்ட்டர் லைனோடு முறுக்கப்பட்டிருந்தது. போகும் மின்னோட்டம் ஒரு வழியில், திரும்புவது வேறு வழியில். 10 வாட் விளக்குக்கு 40 மில்லியாம்பியருக்கு மேல் ஓடும். அவ்வளவும் கசிவாகவே ஆர்.சி.சி.பி.யின் கணக்கில் விழும். அரை வாட் விளக்கின் 2, 3 மில்லியாம்பியர் அதன் கண்ணுக்குப் படவில்லை. ஒவ்வொரு லைனுக்கும் அதற்குரிய நியூட்ரலைப் பிரித்துக் கட்டியதும் பிரச்சினை தீர்ந்தது. ஆகவே ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று யாராவது அதைக் கழற்றிவிடச் சொன்னால் கேட்காதீர்கள். நியூட்ரல்களைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

6. மாட்டுதல்

மெயினையும், இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைத்துவிட்டு வயர்மேனை மாட்டச் சொல்லுங்கள். சுவரில் மாட்டும் விளக்கானால் வயர் கீழிருந்து உள்ளே போகட்டும். மேலிருந்து வந்தால் வயரைப் பிடித்துக்கொண்டே தண்ணீர் இறங்கும். மூன்று பக்கமும் சிலிகான் பூசி, அடிப்பக்கத்தைத் திறந்தே விடுங்கள், உள்ளே வியர்க்கும் நீர் வடிய வழி வேண்டும். வயர் நுழையும் துளையில் ரப்பர் வளையத்தைப் போடாமல் விட்டால் ஐ.பி. 65 என்ற எண்ணுக்கு அர்த்தமில்லை.

பின்சேர்க்கை: வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒருவர், கடல் காற்றில் திருகாணிகள் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்து, விளக்கைக் கழற்ற முடியவில்லை என்று எழுதியிருந்தார். கடலோரத்தில் இருப்பவர்கள் பெட்டியில் வரும் திருகாணிகளை ஒதுக்கிவிட்டு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணிகளைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொருவர், கரண்ட் போனாலும் எரியும் பேட்டரி பல்பை மூடிய விளக்குக்குள் போடலாமா என்று கேட்டார். வேண்டாம்; காற்றோட்டம் இல்லாத கூட்டுக்குள் சூடு தங்கி பேட்டரி சீக்கிரம் கெட்டுவிடும். குளியலறை விளக்கை இன்வெர்ட்டர் லைனில் கொடுப்பதே மேல். ஆனால் பேட்டரியில் ஓடும்போது மெயின் பக்கத்து ஆர்.சி.சி.பி. அந்த லைனைப் பார்ப்பதில்லை என்பதால், இன்வெர்ட்டரிலிருந்து வெளியே வரும் லைனிலும் ஓர் ஆர்.சி.சி.பி. வேண்டுமா, அதற்கு எர்த் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று வயர்மேனிடம் கேட்டுச் செய்யுங்கள். இரண்டிலும் உள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். மின்சாரம் இருக்கும்போது அழுத்தினால்தான் அது வேலை செய்யும்.