பல் எடுப்பதா, இம்ப்ளாண்டா? பிடுங்குவதற்கு முன்பே கேட்க வேண்டியவை

என் இடது கீழ்க் கடைவாய்ப்பல் ஒரு கோகுலாஷ்டமி அன்று சீடை கடித்ததில் பிளந்தது. சீடையைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பல்லுக்கு ஐந்து வருடம் முன்பே ரூட் கேனால் செய்திருந்தேன். மேலே கேப் போடச் சொன்னார்கள். வலிதான் போய்விட்டதே என்று நான்தான் போடவில்லை. அதில் மிச்சம் பிடித்தது நாலாயிரம் ரூபாய். பிறகு அதே இடத்துக்காகக் கொட்டிய பணம் அறுபதாயிரத்துக்குப் பக்கம்.

நான் பல் மருத்துவர் இல்லை. நாற்காலியில் படுத்து வாயைத் திறந்து வைத்திருந்தவன், அவ்வளவுதான். ஆனால் எந்த இடத்தில் சறுக்கினேன் என்று தெரியும். அதை எழுதி வைக்கிறேன்.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். "பல்லை எடுப்பதா, இம்ப்ளாண்ட் வைப்பதா" என்று எல்லோரும் கேட்கிறோம். இம்ப்ளாண்ட் என்பது தாடை எலும்புக்குள் ஒரு திருகைப் பதித்து அதன் மேல் செயற்கைப் பல் வைப்பது. அதை வைப்பதானாலும் பழைய பல்லை எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆக, இருப்பது இரண்டு கேள்விகள். இந்தப் பல் போயே ஆக வேண்டுமா? போனால் அந்த இடத்தை என்ன செய்வது? நான் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்ததும் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டாவதைக் கேட்கப் பதினான்கு மாதம் ஆனது.

படி 1: பல்லின் எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

என் சீட்டில் 36 என்று எழுதியிருந்தது. மொத்தமே 32 பல்தானே என்று முழித்தேன். முதல் இலக்கம் வாயின் கால் பகுதி: மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4. இரண்டாவது இலக்கம் நடுவிலிருந்து எண்ணி வருவது. 36 என்றால் கீழ் இடது பக்கம், நடுவிலிருந்து ஆறாவது. ஆறு வயதில் முளைக்கும் பெரிய கடைவாய்ப்பல் அதுதான். எக்ஸ்ரேயிலும் விலைச்சீட்டிலும் இதே எண் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: பல் போயே ஆக வேண்டுமா?

பிழைக்க வைக்கக்கூடிய பல்லை எடுத்துவிட்டு இம்ப்ளாண்ட் வைப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் ஒன்று இருக்கிறது. சோற்றில் ஒரு சின்னக் கல் இருந்தாலும் சட்டென்று வாய் நிற்பது அதனால்தான். இம்ப்ளாண்டில் அந்தப் படலம் கிடையாது, நேராக எலும்பில் ஒட்டி நிற்கும். என் புதுப் பல்லால் நன்றாகக் கடிக்க முடிகிறது. ஆனால் எவ்வளவு அழுத்திக் கடிக்கிறேன் என்பது மற்ற பற்களில் போலத் தெரிவதில்லை.

மருத்துவரிடம் மூன்று கேள்விகள் போதும். விரிசல் வேர் வரை இறங்கியிருக்கிறதா? ஈறுக்கு மேலே கேப் பிடித்து நிற்கச் சுற்றிலும் 2 மி.மீ. அளவுக்காவது நல்ல பல் மிச்சமிருக்கிறதா? பல்லைச் சுற்றியுள்ள எலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது? வேர் நெடுக்குவாக்கில் பிளந்திருந்தால் பெரும்பாலும் எடுக்க வேண்டியதுதான். எனக்கு அப்படித்தான். வெறும் சொத்தை, சீழ், பழைய ரூட் கேனால் கெட்டுப்போனது என்றால் அவசரப்படாதீர்கள். ரூட் கேனாலிலேயே எம்.டி.எஸ். என்ற மேற்படிப்பு படித்த இன்னொருவரிடம் எக்ஸ்ரேயைக் காட்டுங்கள். பழைய ரூட் கேனாலைத் திரும்பச் செய்யவும் முடியும்.

படி 3: அந்த இடத்தில் பல் வேண்டுமா?

ஞானப்பல்லை எடுத்தால் அங்கே எதுவும் வைக்க வேண்டாம். அதற்கு முன்னால் இருக்கும் ஏழாவது பல்லையும் சிலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள்; எதிரே என்ன பல் இருக்கிறது என்பதைப் பார்த்துச் சொல்வார்கள். ஆறாவது பல் அப்படியில்லை. மெல்லும் வேலையில் பெரும்பங்கு அதற்குத்தான். அது போனால் பின்பல் மெதுவாக முன்னால் சாயும், எதிர்ப்பல் காலியிடத்தைத் தேடி இறங்கும். எனக்கு மேல்பல் பதினான்கு மாதத்தில் ஒரு மி.மீ.க்கு மேல் இறங்கியிருந்தது. கடைசியில் கேப் போடும்போது அந்த நல்ல பல்லை லேசாகத் தேய்க்க வேண்டி வந்தது.

படி 4: நான் கோட்டை விட்ட இடம்

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

பல்லைத் தாங்குவதற்காகத்தான் தாடையின் அந்தப் பகுதி எலும்பு இருக்கிறது. பல் போனதும் அதற்கு வேலையில்லை, கரைய ஆரம்பிக்கிறது. முதல் வருடத்தில் அகலத்தில் பாதி வரை போகலாம்; அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே. உயரத்தைவிட அகலம்தான் அதிகம் குறையும். கன்னப் பக்கத்துச் சுவர் காகிதம் போல மெல்லியது, அதுதான் முதலில் போகும். வெளியே ஈறு மூடி, புண் ஆறி, எல்லாம் அழகாகத் தெரியும். நாக்கால் தடவிப் பார்த்து "சரியாகிவிட்டது" என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்த அதே மாதங்களில்தான் உள்ளே எலும்பு ஒடுங்கிக்கொண்டிருந்தது.

பதினான்கு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனைத் திரையில் போட்டு மருத்துவர் காட்டினார். பக்கத்துப் பல்லின் எலும்பு நன்றாகப் பருத்த கொழுக்கட்டை மாதிரி இருந்தது. என் காலியிடத்தில் அது மேல்நோக்கிக் கூம்பியிருந்தது. "கத்தி முனை மாதிரி ஆயிடுச்சு சார். மேல 4 மி.மீ.தான் இருக்கு" என்றார். 4 மி.மீ. விட்டமுள்ள இம்ப்ளாண்ட் வைக்க இரண்டு பக்கமும் குறைந்தது ஒவ்வொரு மி.மீ.யாவது சேர்த்து 6 வேண்டும். ஆகவே எலும்புப் பொடி வைத்து, மேலே ஒரு சவ்வு போட்டுத் தைத்து, கூடுதலாகப் பல மாதம் காத்திருப்பு. செலவு பதினைந்தாயிரம் ஏறியது.

அதனால் பிடுங்கும் தேதி குறிப்பதற்கு முன்பே கேளுங்கள்: "பிற்பாடு இங்கே இம்ப்ளாண்ட் வைக்க நினைத்தால் இன்றைக்கு என்ன செய்ய வேண்டும்?" பதில் மூன்று விதமாக வரலாம்.

ஒன்று, எடுத்த அன்றே இம்ப்ளாண்டைப் பதித்துவிடுவது. நல்ல எலும்பு இருக்க வேண்டும், சீழ் கட்டுக்குள் இருக்க வேண்டும். ஒற்றை வேர் உள்ள முன்பற்களுக்கு இது எளிது. கடைவாய்ப்பல்லில் வேர்கள் பிரிந்து நிற்பதால் கொஞ்சம் சிரமம்.

இரண்டு, பல்லை எடுத்த குழியில் அன்றே எலும்புப் பொடி போட்டு மூடிவிட்டு, மூன்று நான்கு மாதம் கழித்து வைப்பது. கரைவதை இது முழுதாகத் தடுக்காது, குறைக்கும். நான் திரும்ப அதே நாற்காலியில் உட்கார்ந்தால் இதைத்தான் கேட்பேன்.

மூன்று, சும்மா எடுத்துவிட்டு ஆறு முதல் எட்டு வாரத்தில் ஈறு மூடியதும் வைப்பது. இதுவும் நல்ல வழிதான், சொன்ன தேதியில் நீங்கள் போவதாக இருந்தால். நான் போகமாட்டேன் என்று என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்று: "வேரைத் தனித்தனியாக வெட்டி, கன்னப் பக்கச் சுவர் உடையாமல் எடுங்கள் டாக்டர்" என்று சொல்லத் தயங்காதீர்கள். அவசரமாக ஆட்டிப் பிடுங்கினால் அந்தச் சுவர் அங்கேயே நொறுங்கிவிடலாம்.

(பிறகு சேர்த்தது: எலும்புப் பொடி எதிலிருந்து வருகிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பரவலாகப் பயன்படும் சில பொடிகள் மாட்டெலும்பைப் பதப்படுத்திச் செய்தவை. முழுக்கச் செயற்கையானவையும் உண்டு. சைவர்கள், வேறு காரணத்தால் வேண்டாம் என்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். யாரும் தானாகக் கேட்பதில்லை.)

படி 5: காலியிடத்துக்கு என்ன வழி?

கழற்றி மாட்டும் பல்: மலிவு. தற்காலிகமாக, அல்லது பல பற்கள் ஒன்றாகப் போனவர்களுக்குச் சரி. ஒற்றைக் கடைவாய்ப்பல்லுக்கு வாங்கியவர்களில் நான் அறிந்த மூன்று பேரும் அதைப் பீரோவில்தான் வைத்திருக்கிறார்கள்.

பிரிட்ஜ்: இரண்டு பக்கத்துப் பற்களையும் ராவி, மூன்றையும் சேர்த்து ஒரே கேப். ஓரிரு வாரத்தில் முடிந்துவிடும், அறுவை கிடையாது. பக்கத்துப் பற்களுக்கு ஏற்கெனவே கேப் இருக்கிறது அல்லது எப்படியும் போட வேண்டும் என்றால் பிரிட்ஜே புத்திசாலித்தனம். ஆனால் பழுதில்லாத இரண்டு பற்களை இதற்காக ராவுவது எனக்கு மனசு வரவில்லை.

இம்ப்ளாண்ட்: பக்கத்துப் பற்களைத் தொடாது, சொத்தை வராது, எலும்பையும் ஓரளவு பிடித்து வைக்கும். பதிலுக்குப் பணமும் மாதக்கணக்கில் பொறுமையும் வேண்டும்.

படி 6: உடம்பு ஒத்துழைக்குமா?

சர்க்கரை இருந்தால் மூன்று மாதச் சராசரியை (HbA1c ரத்தப் பரிசோதனை) பார்ப்பார்கள். 7க்குப் பக்கம் என்றால் பெரும்பாலும் கவலையில்லை. 8ஐத் தாண்டினால் குறைத்துவிட்டு வரச் சொல்வதுதான் வழக்கம். சிகரெட் பிடிப்பவர்களுக்கு இம்ப்ளாண்ட் ஒட்டாமல் போகும் வாய்ப்பு கூடுதல். பதினெட்டு வயதுக்குள் தாடை வளர்ந்துகொண்டிருப்பதால் வைக்க மாட்டார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை நீங்களாக நிறுத்த வேண்டாம். மாத்திரை எழுதிக் கொடுத்த மருத்துவரைக் கேளுங்கள்.

(இதுவும் பிறகு சேர்த்தது. ஒருவர் எழுதினார்: அம்மாவுக்கு எலும்பு மெலிவுக்காக வருடம் ஒரு ஊசி போடுகிறார்கள், பல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. கட்டாயம் சொல்ல வேண்டும். ஜோலிட்ரோனிக் ஆசிட் ஊசி, அலெண்ட்ரோனேட் மாத்திரை போன்றவை எடுப்பவர்களில் சிலருக்குப் பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகிற ஆபத்து உண்டு. இது அரிது, புற்றுநோய்க்காக அதிக அளவில் எடுப்பவர்களுக்கு ஆபத்து அதிகம். தாடைப் பக்கம் கதிர்வீச்சு எடுத்தவர்களும் அப்படியே.)

படி 7: ஸ்கேனும் விலைச்சீட்டும்

சாதாரண எக்ஸ்ரே எலும்பின் உயரத்தைக் காட்டும், அகலத்தைக் காட்டாது. அதற்குத் தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் வேண்டும். கீழ்த்தாடையில் உதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு ஓடுகிறது. அதிலிருந்து இம்ப்ளாண்டின் நுனி 2 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். மேல்தாடையில் பின்பக்கம் சைனஸ் அறை இருக்கிறது, எலும்பு போதாவிட்டால் அதன் தரையை உயர்த்த வேண்டி வரும். ஸ்கேன் இல்லாமலே தேதி கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

விலை கேட்கும்போது "மொத்தம் எவ்வளவு" என்று கேளுங்கள். எனக்கு முதலில் சொன்னது இருபத்தி இரண்டாயிரம். மலிவாக இருக்கிறதே என்று பார்த்தால் அது எலும்புக்குள் போகும் திருகுக்கு மட்டும்! மேலே இணைக்கும் அபட்மெண்ட் தனி, கேப் தனி, எலும்புப் பொடி தனி.

பிராண்ட் விஷயத்தில் என் கட்சி இது: சுவிஸ் நாட்டு ஸ்ட்ராமன், கொரிய ஆஸ்டெம் என்று எதுவானாலும் பத்து வருடம் கழித்தும் உதிரிப் பாகம் கிடைக்கும் பெயராக இருக்கட்டும். பெட்டியில் உள்ள ஸ்டிக்கரை, பெயர், விட்டம், நீளம், தொகுதி எண்ணோடு, ஒரு அட்டையில் ஒட்டி வாங்கிக்கொள்ளுங்கள். ஊர் மாறிப்போய் கேப் ஆட ஆரம்பித்தால், எந்தத் திருப்புளி பொருந்தும் என்று அந்த அட்டைதான் சொல்லும். கேப்பைப் பசை போட்டு ஒட்டுவதைவிடத் திருகி இறுக்கும் வகையையே கேளுங்கள். கழற்றிச் சரிசெய்ய வசதி, பசைத் துணுக்கு ஈறுக்குள் தங்கிப் புண்ணாக்கும் பயமும் இல்லை.

பணம்தான் தடை என்றால் பல் மருத்துவக் கல்லூரிகளை யோசியுங்கள். மேற்படிப்பு மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள். கட்டணம் குறைவு, நேரம் அதிகம் எடுக்கும். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காப்பீட்டை நம்பாதீர்கள்; வழக்கமான மருத்துவக் காப்பீடுகளில் விபத்து அல்லாத பல் வேலை பெரும்பாலும் சேராது.

படி 8: அந்த நாள்

இம்ப்ளாண்ட் பதிக்கும் நாளில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மரத்துப்போன பிறகு வலி இல்லை. தாடைக்குள் யாரோ அலமாரி மாட்டுகிற மாதிரி அதிர்வு மட்டும். பல் எடுத்ததைவிட இது சுலபமாகவே இருந்தது. பஞ்சைக் கடித்துக்கொண்டு ஆட்டோவில் வந்தேன். இரண்டு நாள் இட்லி, தயிர்சாதம், ஐஸ் ஒத்தடம். ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவது, காறித் துப்புவது கூடாது. பல் எடுத்த நாளுக்கும் இதேதான். குழியில் உறைந்த ரத்தம் பெயர்ந்தால் மூன்றாம் நாள் உயிர் போகிற வலி வரும்.

அப்புறம் காத்திருப்பு. டைட்டானியம் எலும்போடு ஒட்ட வேண்டும். ஸ்வீடன் நாட்டு பெர்-இங்வர் பிரோனமார்க் 1952இல் முயல் எலும்பில் பொருத்திய டைட்டானியக் கருவியைக் கழற்றப் பார்த்து, அது எலும்போடு ஒட்டிக்கொண்டு வர மறுத்ததில்தான் இந்தச் சிகிச்சையே பிறந்தது. 1965இல் முதல் நோயாளிக்கு வைத்தார். அந்த நோயாளி நாற்பது வருடம் அந்தப் பற்களோடு வாழ்ந்தார். இந்தக் காத்திருப்பு வழக்கமாகக் கீழ்த்தாடைக்கு மூன்று மாதம், மேல்தாடைக்கு ஆறு மாதம் வரை. எனக்குப் பொடியும் போட்டதால் ஆறு.

படி 9: சுத்தம்

சொத்தை வராது என்றேன், ஈறு நோய் வரும். தண்ணீர் பீய்ச்சும் இயந்திரம் ஒன்று மூவாயிரத்துக்கு வாங்கினேன், இப்போது குளியலறைப் பரணில் கிடக்கிறது. தினமும் வேலைக்கு ஆவது பல்லிடுக்குப் பிரஷ்தான். சின்னப் பாட்டில் பிரஷ் மாதிரி இருக்கும். மருந்துக்கடையில் கேளுங்கள், அளவை மருத்துவர் சொல்வார். குண்டூசி, ஈர்க்குச்சி, சேஃப்டி பின் மூன்றையும் வீட்டில் ஒளித்து வையுங்கள்.

கடைசியாக அடிக்கடி வரும் கேள்வி ஒன்று: இம்ப்ளாண்ட் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? டைட்டானியத்தைக் காந்தம் பிடித்து இழுக்காது, பொதுவாக எடுக்கலாம். ஸ்கேன் எடுப்பவரிடம் மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள், தாடைப் பக்கம் படம் கொஞ்சம் கலங்கித் தெரியும். என் மாமனாருக்குக் கழுத்து எம்.ஆர்.ஐ. எடுத்தபோது அந்த அட்டையைத்தான் கேட்டார்கள். அவர் அதை ரேஷன் கார்டுக்குள் வைத்திருந்தார்.