சாலைக்காக மனு கொடுக்கப் போகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

நாங்கள் முதன்முதலாக எழுதிய மனு மூன்று பக்கம் இருந்தது. சுற்றுச்சூழல், உடல்நலம், குழந்தைகளின் எதிர்காலம் என்று எதையும் விடவில்லை. "எங்கள் பகுதிச் சாலைகளை நடப்பவர்களுக்கும் சைக்கிளில் செல்பவர்களுக்கும் பாதுகாப்பானவையாக மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று முடித்திருந்தோம். ஒரே வார்த்தையில் பதில் வந்தது: பரிசீலிக்கப்படும். அப்போது கோபம் வந்தது. இப்போது யோசித்தால், அந்த மனுவை வைத்துக்கொண்டு ஓர் இன்ஜினீயர் மறுநாள் காலை எங்கே போய் எதைத் தோண்டியிருப்பார் என்று எனக்கே தெரியவில்லை.

ஒரு மனுவுக்கு ஓர் இடம், ஒரு குறை, ஒரு மாற்றம் போதும். ஒரு சிக்னலை எடுத்துக்கொள்ளுங்கள். சாலையின் அகலம் 14 மீட்டர், நடப்பவர்களுக்குப் பச்சை எரிவது 12 நொடி. நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் என்று கணக்குப் போட்டால் இது சரியாகத்தான் இருக்கும். ஆனால் கைத்தடியோடு நடக்கும் பெரியவர் நொடிக்கு 0.8 மீட்டர் நடந்தாலே அதிகம். பச்சை அணையும்போது அவருக்கு இன்னும் நாலு மீட்டருக்கு மேல் பாக்கி இருக்கும், வண்டிகளோ உறுமத் தொடங்கியிருக்கும். கையில் கடிகாரத்தோடு இரண்டு மாலை நின்று, எத்தனை பேர் நடுவில் மாட்டிக்கொண்டார்கள் என்று எண்ணி எழுதுங்கள். "பச்சையை ஆறு நொடி கூட்டுங்கள், அல்லது நடுவில் நின்று போக ஒரு திட்டு கட்டுங்கள்" என்று கேளுங்கள். இதற்கு ஆம் அல்லது இல்லை என்றுதான் பதில் சொல்ல முடியும்.

அப்படிப் போனாலும் ஒரு பதில் தயாராக இருக்கும்: "அந்த இடத்தில் விபத்தே பதிவாகவில்லையே!" இதைக் கேட்டு வாயடைத்துத் திரும்புகிறவர்கள் நிறைய. பயந்து யாரும் குறுக்கே போகாத சாலையில் விபத்து எப்படி நடக்கும்? பிள்ளைகளை அந்தப் பக்கம் அனுப்பாத வீடுகள் எத்தனை, எதிரே தெரியும் பஸ் நிறுத்தத்துக்குச் சுற்றிக்கொண்டு போகிறவர்கள் எத்தனை பேர், நூலிழையில் தப்பியது எத்தனை முறை என்ற கணக்கு எந்தக் கோப்பிலும் இருக்காது. அதை நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

அடுத்தது, விழிப்புணர்வு. பேனர், உறுதிமொழி, துண்டறிக்கை. செய்யக் கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதிகாரிகளுக்கு மிகவும் பிடித்தமான கோரிக்கை அதுதான் என்பதே சந்தேகப்பட வைக்க வேண்டும். ஒரு கல்லைக்கூட நகர்த்த வேண்டியதில்லை பாருங்கள். மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் வண்டியின் முன் ஒரு குழந்தை ஓடினால், ஓட்டுநர் சுதாரிக்க ஒரு நொடி, அப்புறம் பிரேக், எல்லாம் சேர்த்துக் காய்ந்த சாலையில் சுமார் 13 மீட்டரில் வண்டி நின்றுவிடும். 50ல் வரும் வண்டி அந்த ஒரு நொடியிலேயே ஏறக்குறைய 14 மீட்டர் ஓடிவிடும். அதாவது முதல் வண்டி நின்ற இடத்தை இரண்டாவது வண்டி தாண்டும்போது அதன் ஓட்டுநர் பிரேக்கையே தொட்டிருக்க மாட்டார். இரண்டு பேருமே நல்லவர்களாக இருக்கலாம். மனிதன் தவறு செய்யத்தான் செய்வான், அந்தத் தவறுக்கு உயிர் விலையாகக் கூடாது என்ற எண்ணத்தை ஸ்வீடன் 1997இல் நாடாளுமன்றத்திலேயே கொள்கையாக ஏற்றது. ஆகவே வேகத்தைக் குறைக்கும் வடிவத்தைக் கேளுங்கள்: வண்டி மெதுவாகத்தான் திரும்ப முடியும்படி திருப்பத்தின் முனையைக் குறுக்குவது, சாலையைக் கடக்கும் இடத்தை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்துவது, பாதையை ஒடுக்குவது. நேரான அகலச் சாலையில் '30' என்று பலகை மட்டும் நட்டால் அதை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

நாமே கேட்டு வாங்கிக்கொள்ளும் வினை ஒன்று உண்டு, அது நடைமேம்பாலம். திறப்பு விழாவுக்கு ஏற்ற பொருள். ஆறு மீட்டர் உயரம் ஏற, ஒரு படி 15 சென்டிமீட்டர் என்றால் 40 படி. மறுபக்கம் இறங்க இன்னொரு 40. மூட்டுவலிக்காரர், கைக்குழந்தையோடு இருப்பவர், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருபவர் யாரும் ஏற மாட்டார்கள், கீழேயே கடப்பார்கள். அப்புறம் நடக்கும் விபத்துக்கு, "பாலம் இருக்கும்போது ஏன் கீழே போனார்?" என்று கேள்வி அடிபட்டவர் பக்கம் திரும்பிவிடும். விரைவுச்சாலையின் குறுக்கே வேறு வழி இல்லாமல் இருக்கலாம், கடைத்தெருவில் வேண்டவே வேண்டாம். வெள்ளைக் கோடு மட்டும் போட்ட சைக்கிள் பாதையும் இந்த ரகம்தான், ஒரே வாரத்தில் வண்டி நிறுத்துமிடம் ஆகிவிடும்.

நேரம் தவறுவதும் பலருக்கு நடக்கிறது. புதுத் தார் போட்ட மறு மாதம் நடைபாதை கேட்டால் யார் உடைப்பார்கள்? டெண்டருக்கு முன், வரைபடம் மேசையில் இருக்கும்போதே போய்ப் பாருங்கள். எந்தச் சாலை எப்போது மறுபடி போடப்படும் என்ற பட்டியலை முதலில் கேட்டு வாங்குங்கள்.

யார் முன்னால் நிற்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். விலையுயர்ந்த சைக்கிளும் ஹெல்மெட்டுமாகப் பத்து இளைஞர்கள் போய் நின்றால், சிலருடைய பொழுதுபோக்குக்கு வழி கேட்கிறார்கள் என்று தோன்றும். நெதர்லாந்தில் 1971இல் மட்டும் நானூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சாலையில் இறந்தார்கள். அதிலிருந்து எழுந்த இயக்கத்துக்கு 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்று பெயர். அந்தப் பெயரில் சைக்கிள் என்ற சொல்லே இல்லை. பெற்றோர்கள் முன்னால் நின்றார்கள். சைக்கிள் பாதைகள் பின்னால் வந்தன.

கடைக்காரர்களைக் கடைசியில் சந்திப்பது பெரிய தவறு. வண்டி நிறுத்த இடம் போனால் வியாபாரம் போகும் என்ற பயம் நிஜமானது, அதைக் கேலி செய்யாதீர்கள். காரில் வரும் வாடிக்கையாளர்களின் எண்ணிக்கையைக் கடைக்காரர்கள் கூடுதலாகவே ஊகிக்கிறார்கள் என்று பல நகரங்களில் எண்ணிப் பார்த்தபோது தெரிந்திருக்கிறது. உங்கள் தெருவிலும் அவரையே கூட வைத்துக்கொண்டு எண்ணுங்கள். வாதம் முற்றினால் நிரந்தரம் என்ற சொல்லை விட்டுவிட்டு, சோதனை என்று கேளுங்கள். நியூயார்க்கின் டைம்ஸ் ஸ்கொயரில் 2009இல் வண்டிகள் வராமல் தடுத்து, மலிவான தோட்ட நாற்காலிகளைப் போட்டுத்தான் தொடங்கினார்கள். அடுத்த வருடமே அது நிரந்தரம் ஆயிற்று.

சரி, வேலை நடந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ரிப்பன் வெட்டிய படத்தோடு குழு கலைந்துவிடும். ஒப்பந்தக்காரர் போவதற்குள், நடைபாதையில் ஏறும் சாய்தளத்தின் அடியில் ஓர் அளவுகோலை வைத்துப் பாருங்கள். இரண்டு சென்டிமீட்டர் விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தாலும் சக்கர நாற்காலியின் சின்ன முன்சக்கரம் முட்டி நின்றுவிடலாம். அப்புறம் பழைய கடிகாரத்தையே எடுத்துக்கொண்டு போய் இரண்டாம் முறை எண்ணுங்கள். அதே கிழமை, அதே நேரம், விடுமுறையோ மழையோ இல்லாத நாளாக இருக்கட்டும்.