பிள்ளைகளுக்குச் சிரிப்பும் சாகசமுமாக ஒரு கதை எழுத

ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குச் சாகசக் கதை எழுத அமேசான் காட்டைத் தேடிப் போக வேண்டாம். கடலூரே போதும். 1690-இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கினார்கள். அங்கிருந்து பல திசைகளிலும் பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தூரம்வரை தங்கள் நிலம் என்று எடுத்துக்கொண்டார்கள். குண்டு சாலை, குண்டு உப்பலவாடி என்ற பெயர்கள் இன்றும் இருக்கின்றன.

பெரியவர்களின் இப்படி ஒரு விதியை எடுங்கள். அதை அப்படியே நம்பும் ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். மீனாவுக்குப் பதினொரு வயது. கடலூர் முதுநகரில் அவள் அடித்த கிரிக்கெட் பந்து ஒரு விசைப்படகின் ஐஸ் பெட்டியில் போய் விழுகிறது. ஆகவே படகு அவளுடையது! பழைய சிவப்புத் தாவணியைக் கம்பில் கட்டி, கொடி நாட்டப் படகில் ஏறுகிறாள். படகு கிளம்பிவிடுகிறது.

சிரிப்பு அவளுடைய நியாயத்திலிருந்து வர வேண்டும். அவளுக்கு அது விளையாட்டல்ல. எழுதுகிறவருக்கும் விளையாட்டாக இருக்கக் கூடாது. குண்டான பையன், திக்கிப் பேசும் பெண், கறுப்பு நிறம் இவற்றை வைத்து வரும் சிரிப்பை ஈவு இரக்கமில்லாமல் அடித்துவிடுங்கள். அதைப் படிக்கும் வகுப்பில் அந்தப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறது. இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

பெற்றோரைக் கதையிலிருந்து விலக்க அவர்களைச் சாகடிக்க வேண்டாம். மீன் ஏலம் நடக்கும் நேரம் என்றால் போதும், அம்மா திரும்பிப் பார்க்க மாட்டாள்.

ஆபத்து மட்டும் நிஜமாக இருக்கட்டும். முகத்துவாரத்தில் படகு மணல் திட்டில் தட்டிச் சாய்கிறது, இன்ஜின் நின்றுவிடுகிறது. இங்கே கடலோரக் காவல் படையைக் கூப்பிட்டுவிடாதீர்கள். மீட்பு மீனாவின் கையால்தான் நடக்க வேண்டும், அதற்கான பொருளும் முன்பே வாசகர் பார்த்ததாக இருக்க வேண்டும். இரண்டாம் அத்தியாயத்தில் சிரிக்க வைத்த சிவப்புத் தாவணி ஏழாம் அத்தியாயத்தில் மற்றப் படகுகளை அழைக்கிறது. கதையில் நான் அதிக நேரம் செலவிடுவது இந்த முடிச்சில்தான்.

எழுதியதைப் பிள்ளைகளிடம் உரக்கப் படியுங்கள். அவர்கள் நெளியும் வரியை வெட்டுங்கள். "அப்புறம்?" என்று கேட்கும் இடத்தில் அத்தியாயத்தை முடியுங்கள்.

கடைசியில் படகுக்காரர் புத்திமதி சொல்லக் கூடாது. மீனாவின் விதியை அவரும் மதிக்கட்டும்: "பந்து விழுந்தது, படகு உன்னுடையது. இந்தா, டீசல் பாக்கிச் சீட்டும் உன்னுடையது."