பழைய திரைப்படங்களுக்குக் கருத்தும் மதிப்பெண்ணும் எழுதுவது எப்படி?

பழைய படம் ஒன்றைப் பார்த்து முடித்ததும் ஐந்துக்கு இத்தனை என்று போட்டுவிடலாம். ஆனால் அந்த மதிப்பெண் ஏன் என்பது அடுத்தவருக்கு விளங்கும்படி நான்கு வரி எழுதுவதற்குச் சற்றுப் பழக்கம் வேண்டும். திரைக்கலை படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை, பொழுதுபோக்காகப் பார்ப்பவருக்கும் இது கைவரும்.

படி 1: எந்தப் பதிப்பைப் பார்த்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்

தொடக்கநிலையினர் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான். 1927இல் வெளியான ‘மெட்ரோபோலிஸ்’ படம் முதல் வெளியீட்டுக்குப் பின் பெருமளவு வெட்டப்பட்டது. காணாமற்போன காட்சிகளில் பெரும்பகுதி 2008இல் புவனோஸ் ஐரிஸ் நகரில் கிடைத்த ஒரு பிரதியிலிருந்து மீட்கப்பட்டு, 2010இல் விரிவான பதிப்பு வெளிவந்தது. வெட்டுப்பட்ட பதிப்பைப் பார்த்தவர் கதை தாவித் தாவிச் செல்கிறது என்று எழுதினால், அது இயக்குநரின் மேல் சாட்டக்கூடிய குறை அன்று. ‘பிளேடு ரன்னர்’ படத்தின் 1982ஆம் ஆண்டு வெளியீட்டில் கதையை விவரிக்கும் நாயகனின் பின்னணிக் குரலும் நம்பிக்கையூட்டும் முடிவும் இருந்தன. 1992ஆம் ஆண்டுப் பதிப்பில் இரண்டும் நீக்கப்பட்டன. முடிவு பிடித்தது, பிடிக்கவில்லை என்று இருவர் வாதாடும்போது, அவர்கள் வெவ்வேறு முடிவுகளைப் பார்த்திருக்கவும் கூடும். ஆகவே படத்தின் பெயருக்குக் கீழே ஆண்டு, பதிப்பு, ஓடும் நேரம் ஆகிய மூன்றையும் எழுதிவிடுங்கள்.

படி 2: பிரதியின் குறையையும் படத்தின் குறையையும் பிரித்துப் பாருங்கள்

மௌனப் படங்கள் பலவற்றில் மனிதர்கள் விறுவிறுவென்று ஓடுவதுபோல் தெரிவதற்குக் காரணம் உண்டு: கையால் சுழற்றும் கேமராவில் விநாடிக்கு 16 முதல் 20 சட்டகங்கள் (படச்சுருளில் அடுத்தடுத்து உள்ள தனித்தனிப் படங்கள்) அளவில் எடுக்கப்பட்ட படத்தை, பேசும் படங்களுக்கு உரிய 24 சட்டக வேகத்தில் ஓட்டினால் அசைவுகள் வேகமாகிவிடும். அகலத்திரைப் படத்தைப் பழைய தொலைக்காட்சியின் அளவுக்கு நறுக்கியிருந்தால், ஓரத்தில் நின்று பேசும் பாத்திரம் கண்ணில் படாமலே போகலாம். இத்தகைய குறைகளைத் தனியாகக் குறிப்பிடுங்கள், மதிப்பெண்ணில் கழிக்காதீர்கள்.

படி 3: ஒரு காட்சியைப் பிடித்துக்கொண்டு எழுதுங்கள்

‘நடிப்பு அருமை’, ‘படம் மெதுவாகச் செல்கிறது’ போன்ற வரிகள் எந்தப் படத்துக்கும் பொருந்தும் என்பதால், அவற்றால் படிப்பவருக்குப் பயன் இல்லை. 1931ஆம் ஆண்டு வெளியான ‘சிட்டி லைட்ஸ்’ படத்தின் கடைசிக் காட்சியை எடுத்துக்கொள்வோம். ‘முடிவு உருக்கமானது’ என்பதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: ‘பார்வை திரும்பிய பூக்காரப் பெண், அந்த ஏழையின் உள்ளங்கையில் காசை வைத்து அழுத்தும்போது, தொடுதலாலேயே தனக்கு உதவியவரை அறிகிறாள். அதுவரை அவளைக் கண்கலங்கப் பார்த்துக்கொண்டிருந்த நான், அந்த நொடியில் அவருடைய முகத்தைத்தான் பார்த்தேன்.’ திரையில் நடந்தது ஒரு வரி, அது உங்களுக்குள் செய்தது ஒரு வரி, இவ்வளவு போதும். படம் எவ்வளவு பழையதானாலும் அதை முதன்முறை பார்க்கப்போகிறவர் இருப்பார் என்பதால், முடிவைச் சொல்வதாக இருந்தால் தொடக்கத்திலேயே எச்சரித்துவிடுங்கள்.

படி 4: மதிப்பெண்ணைக் கடைசியில் போடுங்கள்

எழுதி முடிக்கும் வரை பிறர் தந்த சராசரியைப் பார்க்காதீர்கள். பார்த்துவிட்டால் கை தானாக அந்த எண்ணின் பக்கம் சாய்ந்துவிடும். பார்க்கும்போதும் அது எதைச் சொல்கிறது என்று அறிந்து பாருங்கள். ஐஎம்டிபி தளத்தில் பத்துக்கு இத்தனை என்று பார்வையாளர்கள் தரும் மதிப்பெண்களிலிருந்து சராசரி கணக்கிடப்படுகிறது. ராட்டன் டொமேட்டோஸ் தளத்தின் விமர்சகர் சதவீதமோ, எத்தனை பேர் படத்தைப் பரிந்துரைத்தார்கள் என்பதை மட்டுமே காட்டுகிறது. அங்குள்ள 90 சதவீதம் பத்துக்கு ஒன்பது என்று பொருள்படாது.

உங்கள் அளவுகோலை முன்கூட்டியே வகுத்துக்கொள்ளுங்கள். ஐந்துக்கு மூன்று என்றால் ‘பார்த்ததில் வருத்தம் இல்லை’, நான்கு என்றால் ‘நண்பருக்குச் சொல்வேன்’, ஐந்து என்றால் ‘மீண்டும் பார்ப்பேன்’ என்று வைத்துக்கொண்டால் தடுமாற்றம் குறையும். பழைய படம் என்பதற்காகக் கருணை மதிப்பெண் தருவதை நான் ஏற்பதில்லை. அது அந்தப் படத்தை உயிருள்ள கலையாக மதிக்காமல் காட்சிப்பொருளாக ஒதுக்குவதாகும். பெண்களையோ வேற்றினத்தவரையோ இழிவாகக் காட்டும் காட்சி உங்களை உறுத்தினால், அக்காலத்தில் அது வழக்கமாக இருந்தது என்று மழுப்பாமல், உறுத்தியதை உறுத்தியபடியே எழுதுங்கள்.

படி 5: பார்த்த தேதியைச் சேருங்கள்

சில ஆண்டுகள் கழித்து அதே படத்தை மறுபடி பார்த்து வேறு மதிப்பெண் தரத் தோன்றினால், பழையதை அழிக்காமல் அதன் கீழே புதிய தேதியுடன் எழுதி, கருத்து எதனால் மாறியது என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.